பெட்டியில 18 சர்வோ, வேலைக்கு வந்தது 7: பயோலாய்டு பிரீமியம் கிட்டு எப்படி இருக்குது

முழுசா படிக்க நேரமில்லாதவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேன். பயோலாய்டு பிரீமியம்ங்கற இந்த ரோபோ கட்டற கிட்டு நல்ல பொருள் தான், ஆனா பொம்மை மனுஷன் ரெண்டு கால்ல நடக்கறத பாக்கணும்னு மட்டும் வாங்கறதா இருந்தா வேணாம். நாலு சர்வோ (சொன்ன கோணத்துக்கு திரும்பி நிக்கற மோட்டார்), ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஒரு 12 வோல்ட் சப்ளை, கொஞ்சம் பிராக்கெட், இது போதும் ஆரம்பிக்கறதுக்கு. ஏன்னு கேக்கறவங்க கீழ படிங்க, கொஞ்சம் நீளமா போவும்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டுல மெஷின் மெயின்டனன்ஸ் பாக்கறவன், ரோபோட்டிக்ஸ் படிச்சவன் கிடையாது. கிட்டு என் அக்கா பையன் மூலமா வந்துச்சி. காட்பாடியில இன்ஜினியரிங் படிக்கறான், ஹாஸ்டல காலி பண்ணிட்டு போற சீனியர் ஒருத்தர் பழைய விலைக்கு குடுக்கறாருன்னு சொல்லி, "மாமா பாதி காசு நீ போடு பாதி நான் போடறேன்"ன்னான், அந்த பாதி இன்னும் வரல, அது வேற கதை. அதனால விலை விஷயத்துல என்னை நம்பாதீங்க, புதுசு வாங்கினா நல்லா கனமா வரும். இந்த கிட்டுல வர்ற ஏஎக்ஸ்-12ஏ சர்வோ ஒண்ணு புதுசா வாங்கற காசுக்கு சாதா எம்ஜி996 சர்வோ பத்து வாங்கலாம், அத வெச்சி 18 சர்வோவுக்கு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

கம்பெனி ரோபோடிஸ், தென் கொரியா, 1999ல ஆரம்பிச்சாங்க. டைனமிக்சல்னு அவங்க சர்வோவுக்கு பேரு. பிரீமியம் கிட்டுல 18 ஏஎக்ஸ்-12ஏ, சிஎம்-530ன்னு ஒரு கன்ட்ரோலர், கைரோ (உடம்பு திரும்பறத பாக்கற சென்சார்), தூரம் பாக்கற சென்சார், ரிமோட்டு, 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி, அப்புறம் பிராக்கெட்டும் ஸ்க்ரூவும் எக்கச்சக்கம். கூட வர்ற படத்த பாத்து மனுஷ உருவம், நாய்க்குட்டி, டைனோசரு, கிங் ஸ்பைடர்னு எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒண்ணு, இப்படி நிறைய கட்டலாம். யூடியூப்ல எல்லாரும் காட்டறது இந்த மனுஷ உருவம் தான், நடக்கும், குனியும், விழுந்தா எழும். நாங்களும் மொதல்ல அதான் கட்டினோம். நல்லா தான் நடந்துச்சி, தெருப் பசங்க எல்லாம் வந்து பாத்துட்டு போனாங்க, ஒரு வாரத்துல எல்லாருக்கும் சலிச்சி போச்சி. அடுத்தவன் எழுதி வெச்ச நடைய நம்ம ஓட்டறோம், இதுல நாம இன்னா கத்துக்கினோம்?

சரி சர்வோவுக்கு வருவோம், ரிவியூவே அதுக்கு தான். சாதா சர்வோ இருக்குதே, எஸ்ஜி90, எம்ஜி996 வகையறா, அதுக்கு "90 டிகிரிக்கு போ"ன்னு பல்ஸ் அனுப்பலாம், போச்சா போகலயான்னு அது திருப்பி சொல்லாது. நடுவுல எதனா தடுத்தாலும் உறுமிக்கினே நிக்கும், சூடாகும், புகையும். டைனமிக்சல் அப்படி இல்ல, கேட்டா பதில் சொல்லும். இப்ப எந்த இடத்துல இருக்கற, எவ்ளோ லோடு வாங்கற, உனக்கு எத்தனை வோல்ட் வருது, எவ்ளோ சூடு, எல்லாத்துக்கும் உள்ள ஒரு அட்ரஸ் இருக்குது. 36ல பொசிஷன், 40ல லோடு, 42ல வோல்டேஜ், 43ல டெம்பரேச்சர். மெஷின் பாக்கற எங்களுக்கு இது புரியும், ஃபேக்டரியில பெரிய சர்வோ டிரைவ்ல பாக்கற அதே விஷயம் உள்ளங்கை சைசுல, 55 கிராமுக்குள்ள இருக்குது.

மூணு வயரு தான், கிரவுண்டு, சப்ளை, டேட்டா. ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு அப்படியே கோத்துக்கினே போலாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐடி. சர்வோவ தனியா வாங்கினா எல்லாமே ஐடி 1ன்னு தான் வரும், அதனால ஒண்ணு ஒண்ணா மாட்டி நம்பர் மாத்திட்டு, மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு அப்புறம் கோத்துக்கோங்க. ஒரே நம்பர்ல ரெண்டு இருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல பதில் பேசும், கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் புரியாது.

உள்ள இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்க ஆசைப்படறவங்களுக்கு: ஐடி 1ஐ நடு பொசிஷனுக்கு போ சொல்லணும்னா அனுப்ப வேண்டியது 255, 255, 1, 5, 3, 30, 0, 2, 214. அவ்ளோ தான், ஒம்போது நம்பர். மொதல் ரெண்டு 255 "கவனி"ன்னு சொல்றது, 1 ஐடி, 5 நீளம், 3ன்னா எழுது, 30 தான் கோல் பொசிஷன் அட்ரஸ், 0ம் 2ம் சேந்தா 512 (2ஐ 256ஆல பெருக்கிக்கோங்க), கடைசி 214 செக்சம், அதாவது தப்பில்லாம வந்துச்சான்னு சரிபாக்கற நம்பர். ஐடிலேந்து 2 வரைக்கும் கூட்டினா 41, 255ல கழிச்சா 214. அக்கா பையன் இத பேப்பர்ல போட்டு பாத்துட்டு, பைத்தான்ல லைப்ரரி எதுவும் இல்லாம இந்த ஒம்போது பைட்ட மட்டும் அனுப்பி, சர்வோ டக்குனு திரும்பினப்ப அவன் மூஞ்ச பாக்கணும் நீங்க. பொம்மை நடந்தப்ப கூட அவ்ளோ சந்தோஷம் இல்ல.

ஒரு எச்சரிக்கை. அட்ரஸ் 32ல வேகம் எழுதறோம்ல, ஜாயிண்ட் மோடுல (இந்த இடத்துல போய் நில்லுன்னு சொல்ற மோடு) அங்க 0 போட்டா நிக்கும்னு தோணும், ஆனா 0ன்னா கட்டுப்பாடே இல்லாத முழு வேகம். ஒரு யூனிட்டு சுமார் 0.111 ஆர்பிஎம், அப்போ 100 போட்டா 11 ஆர்பிஎம் கிட்ட வரும். புது ஐடியா எத டெஸ்ட் பண்ணாலும் 100 போட்டு ஆரம்பிங்க, விரலு பிராக்கெட்டு நடுவுல இருக்கறப்ப முழு வேகம் வேணாம்.

மொத்தம் 300 டிகிரி சுத்தும், அத 0லேந்து 1023 வரைக்கும் பிரிச்சிருக்காங்க, ஒரு ஸ்டெப்பு 0.29 டிகிரி. மீதி 60 டிகிரியில அது எங்க இருக்குதுன்னு அதுக்கே தெரியாது. இது முக்கியம், கீழ வருது.

இப்ப நாங்க இன்னா கட்டினோம்னு சொல்றேன். மனுஷ உருவத்த பிரிச்சி போட்டாச்சி, கால் வேணாம்னு முடிவு. கலவை ஊரு பக்கத்துல கூத்து கட்டற அண்ணன் ஒருத்தர் எனக்கு பழக்கம், அவர் வீட்ல ஒரு நாள் பேசிக்கினு இருந்தப்போ, கூத்துக்காரன் மாதிரி ஒண்ணு ஆடினா எப்படி இருக்கும்னு பேச்சு வந்துச்சி. நம்ம பக்கம் தெருக்கூத்துன்னா தெரியாதவங்க கிடையாது, பாரதக் கூத்து நடக்கற ஊரு இன்னும் இருக்குது. சரின்னு இடுப்புக்கு மேல மட்டும் கட்டினோம். தோளுக்கு ரெண்டு ரெண்டு, முழங்கைக்கு ஒவ்வொண்ணு, கழுத்துக்கு ஒண்ணு, ஆக ஏழு ஏஎக்ஸ்-12ஏ. இடுப்பு சுத்தறதுக்கு தனியா ஒண்ணு.

இங்க தான் டார்க் (திருப்பற பலம்) கணக்கு வருது, நிறைய பேரு இதுல தான் ஏமாந்து போறாங்க. ஏஎக்ஸ்-12ஏ ஸ்டால் டார்க் 12 வோல்ட்டுல 1.5 நியூட்டன் மீட்டர், நம்ம கணக்குல சுமார் 15 கிலோ சென்டிமீட்டர். ஆஹா 15 கிலோவான்னு சந்தோஷப்படாதீங்க, ஸ்டால்னா அது நின்னு போற இடம். ஒழுங்கா ஆடணும்னா ஸ்டால்ல அஞ்சுல ஒரு பங்குக்குள்ள லோடு இருக்கட்டும்னு ரோபோடிஸ்காரங்களே சொல்றாங்க. அப்போ 3 கிலோ சென்டிமீட்டர். கை நீளம் 15 சென்டிமீட்டர்னா முனையில 200 கிராம் தான் தாங்கும், அதுல முழங்கை சர்வோவோட எடை, பிராக்கெட்டு எல்லாம் ஏற்கனவே உக்காந்திருக்குது. கைய மடக்கி வெச்சா பரவால்ல, பக்கவாட்டுல நீட்டினா தான் தோள் சர்வோ முனகுது.

நல்ல வேளை, கூத்து நகை எல்லாம் கனமில்லாம செய்யற வழக்கம் ஏற்கனவே இருக்குது. கிரீடம், புஜகீர்த்தி (தோள்ல கட்டற நகை), மார்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்க மரத்துல செதுக்குவாங்க, விடிய விடிய கட்டிக்கினு ஆடணும்ல, கனமா இருந்தா ஆளு தாங்கமாட்டான். அதே மரத்துல ஒரு துண்டு வாங்கி சின்னதா புஜகீர்த்தி செதுக்கி, கண்ணாடி துண்டு ஒட்டி, ஜிகினா பேப்பர் சுத்தினோம். கையில தூக்கினா தெர்மாகோல் மாதிரி இருக்குது, தோள் சர்வோவுக்கு தெரியவே இல்ல. அக்ரிலிக்ல பண்ணலாம்னு பையன் சொன்னான், வெட்டி எடை போட்டு பாத்தப்போ அது ரொம்ப கனம்.

இப்ப இடுப்பு. கூத்துல கிரிக்கி இருக்குதே, கிறுகிறுன்னு சுத்தி வந்து சபைய பாத்து நிக்கணும். ஏஎக்ஸ்-12ஏல வீல் மோடு போட்டா நிக்காம சுத்தும், ஆனா அந்த மோடுல இந்த இடத்துல போய் நில்லுன்னு சொல்ல முடியாது, நாமளே பொசிஷன படிச்சி நிறுத்தலாம்னு பாத்தா அந்த 60 டிகிரி ஓட்டையில போய் மாட்டும். அதனால இடுப்புக்கு எக்ஸ்எல்430-டபிள்யூ250ன்னு அதே கம்பெனி சர்வோ தனியா வாங்கினோம், 360 டிகிரிக்கு 4096 ஸ்டெப்பு, எக்ஸ்டெண்டட் பொசிஷன் மோடுல பல சுத்து எண்ணிக்கினே சுத்தும். ஆனா ரெண்டும் அப்படியே சேராது, மூணு விஷயம் பாக்கணும். கனெக்டர் வேற, மாத்தற வயர் தனியா வாங்கணும். எக்ஸ்எல்430 வர்றப்ப 57600 பாட் ரேட்டுல (டேட்டா பேசற வேகம்) வருது, ஏஎக்ஸ் 10 லட்சத்துல வருது, ரெண்டையும் ஒண்ணாக்கணும். புரோட்டோகாலும் (பேசற முறை) 2.0ல வரும், 1.0க்கு மாத்தற செட்டிங் உள்ளயே இருக்குது. டைனமிக்சல் விசார்டுன்னு இலவச சாஃப்ட்வேர்ல எல்லாம் மாத்திக்கலாம், லினக்ஸ்லயும் ஓடுது.

வயர் முறுக்கிக்கும்ல, அதனால மூணு சுத்து இந்த பக்கம், மூணு சுத்து அந்த பக்கம், அவ்ளோ தான் கிரிக்கி. அண்ணன் பாத்துட்டு "நெசத்துலயும் ரெண்டு பக்கமும் தான்யா சுத்துவோம், ஒரே பக்கம் சுத்தினா தலை சுத்தும்"ன்னாரு. மொத்த எடையும் சர்வோவோட ஹார்ன் (வெளிய சுத்தற வட்டு) மேல உக்காரக் கூடாதுன்னு கேக் சாமான் விக்கிற கடையில சுத்தற தட்டு ஒண்ணு வாங்கி அது மேல உருவத்த வெச்சி, சர்வோ அடியிலேந்து திருப்பற மாதிரி பண்ணோம். பேரிங் வேலைய தட்டு பாத்துக்குது, சர்வோ திருப்பற வேலைய மட்டும் பாக்குது.

இந்த வயர் விஷயத்துல தான் எரிச்சல். ஆன்லைன்ல ஒரு கடை, பேரு வேணாம், 3 பின் வயர் ஆர்டர் போட்டா 4 பின் வயர் அனுப்பி வெச்சிருக்கான், அது ஆர்எஸ்-485 மாடல் சர்வோவுக்கு, நமக்கு ஆவாது. திருப்பி அனுப்பறேன்னா "ஓபன் பண்ண ஐட்டம் எடுக்கமாட்டோம் சார்"ன்னு பதிலு, ஓபன் பண்ணாம எப்படிய்யா தெரியும் தப்பு ஐட்டம்னு? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா எல்லாம் கிடைக்கும்னு காட்பாடியில ரயில் ஏறாதீங்க, கனெக்டர் பேர எழுதிக்கினு போன்ல கேட்டுட்டு போங்க, கடைக்காரங்க நிறைய பேருக்கு இந்த சர்வோவே தெரியல.

புரோகிராம் பக்கம் ரெண்டு வழி இருக்குது. கிட்டோட வழி ரோபோபிளஸ், விண்டோஸ் வேணும். டாஸ்க்னு ஒண்ணு, சி மாதிரி வரிகள மவுஸால எடுத்து வெச்சி எழுதறது, எட்டாவது படிக்கற பசங்களுக்கு கூட புரியும். மோஷன்னு ஒண்ணு, அதுல பேஜ் பேஜா அசைவு செஞ்சி வைக்கலாம், ஒரு பேஜுக்கு 7 ஸ்டெப்பு வரைக்கும். நல்ல விஷயம் இன்னான்னா டார்க்க ஆஃப் பண்ணிட்டு கைய நாமளே பிடிச்சி வேணுங்கற இடத்துல வெச்சி, டார்க் ஆன் பண்ணி, அந்த போஸ அப்படியே எடுத்துக்கலாம். கன்ட்ரோலர்ல மைக் வேற இருக்குது, எத்தனை தடவ கை தட்டினோம்னு எண்ணும். மத்தளம் அடிச்சாலும் எண்ணுமான்னு பாத்தோம், எண்ணுது, ஆனா வேகமா அடிச்சா கோட்ட விட்டுடுது.

ஆனா 7 ஸ்டெப்புல அடவு வராதுங்க. இங்கேந்து அங்க போச்சி, அங்கேந்து இங்க வந்துச்சி, கையெழுத்து போடற மெஷின் மாதிரி இருந்துச்சி. அண்ணன் ஒரு தடவ பாத்துட்டு சொன்னாரு, "தோளு மொதல்ல போவணும், கை அப்பால வரணும், உன்னுது எல்லாம் ஒண்ணாவே போவுது." மொத்த புரோகிராமும் இந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் மாறிடுச்சி. கன்ட்ரோலர கழட்டிட்டு யூ2டி2ன்னு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் மாட்டினோம். அது டேட்டாவுக்கு மட்டும் தான், பவர் குடுக்காது, 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தனியா. ஏழு சர்வோவும் டார்க் ஆஃப். அண்ணன் பின்னாடி உக்காந்து உருவத்தோட ரெண்டு கையையும் பிடிச்சி தாளம் சொல்லிக்கினே ஆட்டினாரு, லேப்டாப் ஒவ்வொரு சர்வோவையும் பொசிஷன் கேட்டு கேட்டு எழுதிக்கினே வந்துச்சி, செகண்டுக்கு 20 தடவ. அப்புறம் டார்க் ஆன் பண்ணி அத அப்படியே திருப்பி ஓட்டினா... அவர் கை அசைவு தான், தோளு முந்தி, கை பிந்தி, கடைசியில விரலு இல்லாத கை கூட ஒரு வெட்டு வெட்டுது. டைமிங்குக்குன்னு அக்கா பையன் ஒரு வரி புரோகிராம் கூட எழுதல, தானா வந்தது அது.

இத பண்றவங்களுக்கு ஒரு டிப்ஸு. ஏஎக்ஸ்ல ஒரே நேரத்துல எல்லா சர்வோவுக்கும் கட்டளை அனுப்பலாம், சிங்க் ரைட்டுன்னு பேரு, நம்பர் 131. ஆனா படிக்கறது ஒண்ணு ஒண்ணா தான். லினக்ஸ்ல யூஎஸ்பி லேட்டன்சி டைமர் (வந்த பதில கம்ப்யூட்டருக்கு தர்றதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரம்) 16 மில்லி செகண்டுன்னு இருக்கும், ஏழு சர்வோ படிக்க 112 மில்லி செகண்டு போயிடும், செகண்டுக்கு 9 தடவ கூட தேறாது, ரெக்கார்டிங் வெட்டி வெட்டி வரும். அத 1 மில்லி செகண்டா மாத்துங்க. சர்வோ மேல தப்பு சொல்லிக்கினு உக்காராதீங்க.

சூடு. வேலூர்ல இத பத்தி பேசாம ரிவியூ எழுத முடியுமா? மே மாசத்துல ஸ்விட்ச் போட்ட உடனே, ஒரு அடவு கூட ஆடாம, அட்ரஸ் 43ல 38, 39ன்னு காட்டுது, மேல் மாடி ரூம் எங்களுது. 70 டிகிரி தாண்டினா சர்வோ தானே டார்க்க விட்டுட்டு எல்இடி மின்ன ஆரம்பிக்கும். கொரியாவுல 20 டிகிரியில ஆரம்பிக்கறவனுக்கு 50 டிகிரி இடம் இருக்குது, நமக்கு 30 தான். கைய நீட்டி நிக்கற போஸ் ரொம்ப நேரம் வெச்சா தோள் சர்வோ தான் மொதல்ல ஏறும். நாங்க ஒரு சின்ன வேலை பண்ணோம், 60 தாண்டினா புரோகிராமே கைய மெதுவா கீழ இறக்கி "கொஞ்சம் இளைப்பாறட்டும்"னு நிக்கற மாதிரி. பாக்கறவங்களுக்கு அதுவும் கூத்துன்னு தான் தெரியுது.

ஓவர்லோடு ஆகி நின்னுச்சின்னா பயப்படாதீங்க, சர்வோ போச்சின்னு அர்த்தம் இல்ல. டார்க் லிமிட், அட்ரஸ் 34, அது 0 ஆகியிருக்கும், மறுபடி 1023 எழுதினா உயிர் வந்துடும், இல்லன்னா பவர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆனா ஏன் ஓவர்லோடு ஆச்சின்னு பாக்காம திரும்ப திரும்ப இதயே பண்ணா நிஜமாவே போயிடும். வோல்டேஜும் பாருங்க, சங்கிலியோட கடைசி சர்வோவுல அட்ரஸ் 42 எவ்ளோ காட்டுதுன்னு, 111ன்னா 11.1 வோல்ட். மொதல் சர்வோவுக்கும் கடைசிக்கும் நல்ல வித்தியாசம் இருந்தா ரெண்டு பக்கத்துலேந்தும் பவர் குடுங்க.

கட்டற வேலையில பொறுமை வேணும். எம்2 ஸ்க்ரூ, எம்2 நட்டு, நட்ட சர்வோ பள்ளத்துல உக்கார வெச்சி பிராக்கெட்ட மேல வெச்சி முறுக்கணும், கை லேசா நடுங்கினா நட்டு தரையில, தரையில விழுந்த எம்2 நட்டு கிடைச்சதா சரித்திரம் இல்ல. லாங்கு பஜார்ல வாட்ச் கடைக்காரர் கிட்ட கூர் டுவீசரும் நல்ல சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் வாங்கினேன், கிட்டுல வர்றத விட அது சொகம். ஆனா ஒண்ணு, இந்த பிராக்கெட்டு சிஸ்டம் தான் கிட்டோட உண்மையான பலம். பிரிச்சி, வேற மாதிரி மாட்டி, பிடிக்கலன்னா மறுபடி பிரிச்சி, எதுவும் வீணாவல. பிரிண்ட் எடுத்த பார்ட்டுன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கணும்.

விலை குறைச்சலா பஸ் சர்வோ (இப்படி ஒண்ணோட ஒண்ணு கோத்து பேசற வகை) வேணும்னா சீனா மாடல் எல்எக்ஸ்-16ஏன்னு ஒண்ணு இருக்குது, அதுவும் பொசிஷன், சூடு, வோல்டேஜ் சொல்லும், 240 டிகிரி, 0லேந்து 1000, வோல்டேஜும் கம்மி, 8.4 வரைக்கும் தான். 12 வோல்ட் மாட்டிடாதீங்க. காலேஜ் புராஜக்ட்டுக்கு நாலு மாசம் ஓடினா போதும்னா அது தாராளம்.

யாருக்கு எதுன்னு கேட்டா: ஸ்கூல் வெச்சிருக்கறவங்க, நாலஞ்சு பசங்க சேந்து பண்றவங்க, பழசு கிடைச்சா முழு கிட்டு வாங்குங்க, பிராக்கெட்டுக்காகவே வாங்கலாம். தனி ஆளு, சொந்தமா ஒண்ணு கட்டணும்னு தலையில ஏற்கனவே ஐடியா இருக்குதுன்னா நாலு சர்வோ, யூ2டி2, எஸ்எம்பிஎஸ். மீதிய தேவைப்பட்டப்ப ஒண்ணு ஒண்ணா வாங்கிக்கலாம். பழசு வாங்கறப்ப லேப்டாப் எடுத்துக்கினு போய் ஒவ்வொரு ஐடியும் பதில் சொல்லுதான்னு விசார்டுல ஸ்கேன் பண்ணி, டார்க் ஆஃப்ல கையால சுத்தி பொசிஷன் நம்பர் ஒழுங்கா ஏறுதா, நடுவுல தாவுதான்னு பாத்துட்டு காசு குடுங்க. லிப்போ பேட்டரி உப்பி இருந்தா அத மட்டும் அவங்க கிட்டயே விட்டுட்டு வாங்க.

எங்க கிட்ட முட்டி, கணுக்கால் பிராக்கெட்டு, பாதம் எல்லாம் சும்மா தான் கிடக்குது. காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் யாராவது நாலு கால் கட்டறதா இருந்தா கமெண்ட்ல கேளுங்க, தாராளமா குடுத்துடறேன். மீதி 11 சர்வோவ மட்டும் கேக்காதீங்க, கட்டியங்காரன் (கூத்த ஆரம்பிச்சி வெச்சி சிரிக்க வைக்கறவன்) இல்லாம கூத்து எப்படி ஆரம்பிக்கும்னு அண்ணன் கேட்டுக்கினு இருக்காரு.